பாலாற்றுக் கிணறும் நம்பிக்கை இடைவெளியும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம்தான் திருமுக்கூடல். மேலே வேலூர்ப் பக்கத் தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1996 ஆகஸ்ட் 28-ல் அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும். தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லை என்று நிரூபிப்பதும் அவர் பொறுப்பே என்றது.

இதற்கும் பி.காம். படிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது நண்பர்களே! 1937-ல் நெய்மான் விளக்கிய நம்பிக்கை இடைவெளி எங்கள் புள்ளியியல் பாடத்தில் வருகிறது.

டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புக்கு, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் இந்தியத் தர நிர்ணய வரம்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம். கற்பனையாக ஒரு கிணற்றில் நான்கு அளவுகள்: 1,700, 1,800, 1,900, 2,000. சராசரி 1,850. "வரம்புக்குள்தானே!" என்போம். ஆனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1,645 முதல் 2,055 வரை. வரம்பு அதற்குள்ளேயே கிடக்கிறது!

இடைவெளி முழுவதும் வரம்புக்கு மேலே போனால்தான் மாசு என்றால், சந்தேகத்தின் பலன் ஆலைக்கு. முழுவதும் கீழே இருந்தால்தான் சுத்தம் என்றால், பலன் குடிப்பவருக்கு. 1996 தீர்ப்பை நான் இரண்டாவது கணக்காகத்தான் படிக்கிறேன்.

யாராவது சராசரி சொன்னால், இடைவெளியையும் கேளுங்கள்.