ஒரு காபிக் குடுவையும் ஒரு தோட்டமும்

இணையத்தின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் ராணுவ ஆராய்ச்சி, பல்கலைக்கழகங்கள், பெருநிறுவனங்கள் என்று போவார்கள். நான் இன்று இரண்டு விளையாட்டுத்தனமான விஷயங்களைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். ஒன்று காபிக் குடுவை, மற்றது தோட்டம்.

1991. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகம். பலர் வெவ்வேறு மாடிகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் பொதுவான காபி மெஷின் ‘டிரோஜன் ரூம்’ என்ற அறைக்கு வெளியே இருக்கிறது. படியிறங்கி வந்து பார்த்தால் குடுவை காலி. இந்த எரிச்சல்தான் தொடக்கம். குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அந்தப் படம் ஆய்வகத்தின் கணினிகளில் தெரியும்படி நிரல் எழுதினார்கள். 128-க்கு 128 புள்ளிகள், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு மூன்று படம். காபி இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்தால் போதும்.

1993 நவம்பரில் டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் அதை உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டார்கள். அந்தக் காபியை ஒருநாளும் குடிக்கப் போகாத லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்தார்கள். உலகின் முதல் வெப்கேம் என்று இன்று சொல்லப்படுவது இதுதான். ஆய்வகம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை அணைத்தார்கள். மெஷினை இபே ஏலத்தில் ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு எடுத்தது. பழுதாகிக் கிடந்த சாதனத்துக்கு அந்த விலை! இப்போது அது பாடர்போர்ன் நகரில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் தொலைவில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருளை, இந்த நிமிடத்தில் அது இருக்கிறபடியே பார்க்கலாம் என்பதை மக்களுக்குக் காட்டியது எந்தப் பெரிய திட்டமும் இல்லை, இந்தக் குடுவைதான்.

அடுத்த கேள்வியைக் கேட்டவர்கள் கலைஞர்கள். பார்த்தால் போதுமா, தொட வேண்டாமா? 1995-இல் கலிஃபோர்னியாவில் கென் கோல்ட்பர்க், ஜோசப் சான்டாரோமானா ஆகியோரின் குழு ‘டெலிகார்டன்’ என்ற படைப்பை உருவாக்கியது. மண் நிரப்பிய ஒரு சிறு தோட்டம், அதன் நடுவே தொழிற்சாலையில் இருப்பதுபோன்ற ஒரு ரோபோ கை. உலகின் எந்த மூலையிலிருந்தும் உறுப்பினராகி, அந்தக் கையைக் கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம், விதை நடலாம். உறுப்பினர்கள் தங்களுக்குள் அரட்டையடிக்கவும் ஓர் இடம் இருந்தது. 1996-இல் தோட்டம் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலுள்ள ஆர்ஸ் எலெக்ட்ரானிக்கா மையத்துக்கு மாறி, 2004 வரை அங்கே இருந்தது.

கோல்ட்பர்க் ரோபோ விஞ்ஞானியும்கூட. அவரை உறுத்தியது வேறொரு சந்தேகம். திரையில் தெரிவது முன்பே எடுத்து வைத்த படங்களாக இருந்தால்? தோட்டமே இல்லையென்றால்? நான் ஊற்றிய தண்ணீர் உண்மையில் மண்ணில் விழுந்ததா? தொலைவிலிருந்து அறிவதை எவ்வளவு நம்பலாம் என்ற இந்தக் கேள்வியை வைத்து, தத்துவ அறிஞர்களின் கட்டுரைகளையும் சேர்த்து 2000-இல் ஒரு நூலையே தொகுத்தார்.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் தத்துவமாகப் படவில்லை. ஊரில் அம்மா வீட்டு வாசலில் ஒரு கேமரா வைத்திருக்கிறோம். இங்கே இரவு படுக்கப் போகும்முன் அதைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். வாசல் தெளித்திருக்கும், கோலம் தெரியும், அம்மா நலமாக இருக்கிறாள் என்று தூங்கிவிடுவேன். போன கோடையில் மூலையிலிருந்த செம்பருத்தி வாடிக்கொண்டே வந்தது. ஒரு வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு அம்மாவிடம் கேட்டேன். முட்டி வலி, குடத்தைத் தூக்கி அந்த மூலைவரை போக முடியவில்லை என்றாள். பத்து நாளாக வாசல் தெளித்ததும் பக்கத்து வீட்டு அக்காதானாம். கோலமும் அவர் போட்டதுதான்.

கேமரா பொய் சொல்லவில்லை. நான்தான் கோலத்தைப் பார்த்து அம்மாவைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேன். இப்போதும் கேமராவைத் திறக்கிறேன். ஆனால் அதற்குமுன் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன்.