வாளெடுக்காத கஸான்

வோல்கா நதி பாயும் மண்ணில் இஸ்லாம் வேரூன்றி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கி.பி. 922இல் (ஹிஜ்ரி 310) பக்தாதின் கலீஃபா முக்ததிர் அனுப்பிய தூதுக்குழு, வோல்கா பல்கர்களின் மன்னரை அவருடைய நாட்டிலேயே சென்று கண்டது. அக்குழுவில் இடம்பெற்ற இப்னு ஃபள்லான் எழுதிவைத்த பயணக்குறிப்பு இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு அருஞ்செல்வமாக விளங்குகிறது. அந்தப் பல்கர்களைத் தம் முன்னோராகப் போற்றுபவர்களே தாத்தாரியர். அவர்களின் தலைநகரான கஸானை 1552இல் ருஷ்ய மன்னன் நான்காம் இவான் கைப்பற்றினான். நகரைக் காத்து நின்று உயிர்நீத்தவர்களுள் குல் ஷரீஃப் என்னும் இமாமும் ஒருவர்.

அந்தக் கஸானிலிருந்து தாத்தாரிஸ்தானை 1991 முதல் 2010 வரை ஆண்டவர் மின்திமேர் ஷைமியேவ். குடியரசுத் தலைவர் என்பது அவருடைய பட்டம். ருஷ்யக் கூட்டாட்சிக்குட்பட்ட ஒரு நிலப்பகுதியின் ஆட்சித்தலைவர் என்பதே அவருடைய நிலை.

1937இல் ஒரு சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். கஸான் வேளாண்மைக் கல்லூரியில் 1959இல் பட்டம் பெற்றுப் பொறியாளரானார். 1969 முதல் 1983 வரை நீர்வள அமைச்சர், 1985இல் பிரதமர், 1989இல் கம்யூனிஸ்டுக் கட்சியின் வட்டாரச் செயலாளர். பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த காலத்து ஆட்சியில் படிப்படியாக உயர்ந்தவரைச் சமயப் போராளியாக எண்ணுவது பிழை. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் நிகழ்ந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியின் பக்கம் சாய்ந்தார் என்ற பழியும் அவர்மீது உண்டு.

ஆயினும், சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது அவர் காட்டிய நிதானம் எண்ணிப் பார்க்கத்தக்கது. 1990 ஆகஸ்ட் 30இல் தாத்தாரிஸ்தான் தன் இறைமையை அறிவித்தது. 1992 மார்ச் 21இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் அதனை ஆதரித்தனர். பத்து நாள்களில் கூட்டாட்சி ஒப்பந்தம் வந்தபோது, கையெழுத்திட மறுத்தவை இரண்டே பகுதிகள்: ஒன்று தாத்தாரிஸ்தான், மற்றொன்று செச்னியா.

அங்கிருந்து இரண்டின் பாதைகளும் பிரிந்தன. 1989ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தாத்தாரிஸ்தானில் தாத்தாரியர் 48 விழுக்காடு, ருஷ்யர் 43 விழுக்காடு. நாற்புறமும் ருஷ்ய நிலமே சூழ்ந்திருந்தது. பிரிவினைக் குரல் உரத்தால் அண்டை வீட்டாரிடையே இரத்தம் சிந்தும் என்பதை ஷைமியேவ் உணர்ந்திருந்தார். தம் மண்ணின் எண்ணெய் வளத்தைப் பின்பலமாகக் கொண்டு, ஏறத்தாழ மூன்றாண்டுகள் பேசிக்கொண்டே இருந்தார். 1994 பிப்ரவரி 15இல் மாஸ்கோவுடன் தனி உடன்படிக்கை கையெழுத்தானது. அவ்வாண்டு டிசம்பரில் செச்னியாவில் போர் மூண்டது. குரோஸ்னி நகரம் தரைமட்டமானது. கஸானில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

அந்த அமைதியின் கனியே கஸான் கோட்டைக்குள் எழுந்த குல் ஷரீஃப் பள்ளிவாசல். 2005இல் அது திறக்கப்பட்டது. அதே கோட்டையிலுள்ள கிறித்தவப் பேராலயமும் உடன் புதுப்பிக்கப்பெற்றது. 2007இல் இஸ்லாமியப் பணிக்கான மன்னர் ஃபைஸல் பரிசு ஷைமியேவுக்கு வழங்கப்பட்டது.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. 1996 தேர்தலில் அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. எண்ணெயும் தொழிலும் அவரைச் சூழ்ந்த சிலர் கையில் குவிந்தன என்பது எதிர்ப்பாளர்களின் குற்றச்சாட்டு. பெற்ற உரிமைகளும் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. தாத்தார் மொழியை லத்தீன் எழுத்தில் எழுதும் முயற்சியை 2002ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2007இல் புதுப்பிக்கப்பட்ட உடன்படிக்கை 2017இல் காலாவதியானது. அவ்வாண்டே பள்ளிகளில் தாத்தார் மொழி கட்டாயப் பாடம் என்னும் நிலையும் போயிற்று. 2023இல் 'குடியரசுத் தலைவர்' என்னும் பட்டமும் மறைந்து, 'ரயீஸ்' என்னும் அரபுச் சொல் அதன் இடத்தைப் பெற்றது.

அப்படியானால் அவர் தேடித் தந்தது என்ன? உயிர்கள் காக்கப்பட்டன, ஒரு தலைமுறை தன் மொழியைக் கற்றது, தொழுகை அழைப்பு மீண்டும் கோட்டைக்குள் ஒலித்தது. இவை சிறியவை அல்ல. ஆனால் ஒரு மனிதரின் சாதுரியத்தால் கிடைத்த உரிமையை, அவருக்குப் பின்னும் காத்து நிற்பது ஒப்பந்தத் தாளால் மட்டும் ஆகாது. அதனை வீட்டிலும் பள்ளியிலும் சமுதாயமே பேணிவர வேண்டும். கஸான் நமக்குச் சொல்லும் செய்தி இதுவே.