ஃப்ளோரிடா ஜீவனாம்சம்: மூணு வீட்டோ, ஒரு கையெழுத்து

விவாகரத்துக்கு அப்புறம் ஜீவனாம்சம் எத்தனை வருஷம் கொடுக்கணும்? அமெரிக்காவில் இதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா முடிவு பண்ணுது. ஃப்ளோரிடாவில் 'நிரந்தர ஜீவனாம்சம்' இருந்துச்சு. ரெண்டு பேரில் ஒருத்தர் இறக்கும்வரை, இல்லன்னா வாங்குறவர் மறுமணம் செய்யும்வரை அது தொடரலாம்.

ரிட்டையர் ஆகவே முடியலைன்னு கொடுக்கிறவங்க மாற்றம் கேட்டாங்க. வேலையை விட்டுட்டுக் குடும்பத்தைப் பார்த்த பெண்களோ, இந்த வயசுல யார் வேலை தருவாங்கன்னு எதிர்த்தாங்க. எனக்கு ரெண்டுமே நியாயமாத்தான் படுது.

சட்டசபை மூணு தடவை மசோதாவை நிறைவேற்றுச்சு. அங்கே ஆளுநர், நம்ம முதலமைச்சர் மாதிரி, தேர்தல்ல ஜெயிச்சு வர்றவர். 2013, 2016-ல் ரிக் ஸ்காட், 2022-ல் ரான் டிசாண்டிஸ், மூணையும் வீட்டோ பண்ணாங்க. 2013-லயும் 2022-லயும் சிக்கல் ஒண்ணுதான்: பழைய தீர்ப்புகளும் ஒப்பந்தங்களும் என்ன ஆகும்?

புது வெர்ஷன் விடும்போது பழைய யூசரை என்ன பண்றதுன்னு எங்க ஆபீஸ்லயும் சண்டை வரும். இங்கே அந்தப் பழைய யூசர், ஜீவனாம்சத்தை நம்பி வாழுற ஒரு வயசான அம்மா.

2023-ல் டிசாண்டிஸ் கையெழுத்துப் போட்டார். புது வழக்குகளில் நிரந்தர ஜீவனாம்சம் கிடையாது. 20 வருஷத் திருமணம்னா, பொதுவா அதில் 75 சதவீதம், அதாவது 15 வருஷம்தான் உச்ச வரம்பு.

ஆனா ஏற்கெனவே தீர்ப்பாகி நிரந்தரமா கட்டிட்டிருந்தவங்களுக்கு இது தானா விடுதலை தரல. ரிட்டையர் ஆகும்போது குறைக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம், அவ்வளவுதான். பத்து வருஷப் போராட்டத்தோட முழுப் பலன், இனிமே விவாகரத்து ஆகப்போறவங்களுக்குத்தான் போச்சு.