ஸ்திரீபார்ட்டின் அழகு

கணியூரை ஒட்டிய உடுமலை வட்டாரத்துக்கும் தமிழ் நாடக மேடைக்கும் நெடிய உறவு உண்டு. பாடலாசிரியர் உடுமலை நாராயணகவி (1899–1981) நாடகத்தின் வழியாகவே திரைக்கு வந்தவர். அவருடைய இளமைக்கால மேடையில் காதலியாக நின்றவர் பல வேளைகளில் ஓர் ஆண்.

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் கதாநாயகனாக நடித்தபோது, நாயகியாக எதிரே நின்றவர் அவருடைய நண்பரும் வழக்கறிஞருமான ரங்கவடிவேலு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய பால சபையில் சிறுவர்களே பெண்களாயினர். பிற்காலத்தில் ஆண்மையின் இலக்கணமாகப் போற்றப்பட்ட சிவாஜி கணேசனும் சிறுவயதில் சீதையாக வேடமிட்டவரே.

அந்த வேடத்தில் மக்கள் கண்ட அழகு எது? நடை, குரல், நாணம், கொண்டை, மூக்குத்தி. பெண்மை என்பது பயின்று பெறக்கூடிய கலை என்பதைப் பார்வையாளர் அறிந்தே ரசித்தனர். ஆனால் குரல் உடையும் மகரக்கட்டுப் பருவம் வந்ததும் பல சிறுவர்களுக்கு ஸ்திரீபார்ட் பறிபோயிற்று. ரசனைக்கு அது ஓர் எல்லை.

மற்றோர் எல்லையும் இருந்தது. கொங்கு நாட்டின் கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். அங்கே ஆண்வேடம் பூண்ட பெண் காதலன் அல்லன், அடியார். அவ்வேடத்தின் கவர்ச்சி பக்தியைச் சார்ந்தே நின்றது.

வேடத்தைக் கலைத்துவிட்டு ஆணாக வீடு திரும்புவான் என்ற உறுதியே ஸ்திரீபார்ட்டை ரசிப்பதற்குத் துணிவு தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதே நடையை வேடமாக அன்றித் தன் வாழ்வாகவே கொண்ட திருநங்கைக்கு அந்தக் கைதட்டல் கிடைக்கவில்லை. தெருவில் கேலியே கிடைத்தது. மேடையில் அழகாயிருந்தது, வாசலில் எப்படி அருவருப்பாயிற்று? மாறியது நடையன்று, பார்ப்பவரின் அச்சம்.

2018இல் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆண் திருநங்கை ஒருவரை மணந்தார். பதிவுத்துறை அத்திருமணத்தைப் பதிய மறுத்தது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சொல்லும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. விடியும்வரை மட்டுமே நாயகியாக இருக்க இசைந்த ஒரு சமூகம், விடிந்த பின்னும் ஒருத்தி நாயகியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டம் ஒப்பியது, கண்கள் இன்னும் பழக வேண்டும்.