பதிப்புரிமைப் பாதுகாப்பில் தொழில்வாரி வேறுபாடு: புதுக்கோட்டை மாவட்டம்

பதிப்புரிமை என்பது ஒரு படைப்பைப் படியெடுக்கவும் வெளியிடவும் தழுவவும் அதன் உரிமையாளருக்கு மட்டும் சட்டம் வழங்கும் அதிகாரமாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 63ஆம் பிரிவு, இவ்வுரிமையை அறிந்தே மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கும்போது, களவாடப்பட்டது நூலா திரைப்படமா என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் இச்சமநிலை 2004இல் குலைந்தது. மக்கள் வழக்கில் குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில், கள்ளச்சாராயம் காய்ச்சுவோரையும் போதைப்பொருள் விற்போரையும் அடுத்துத் திருட்டு விசிடி தொழிலில் ஈடுபடுவோரும் அவ்வாண்டு சேர்க்கப்பட்டனர். அதன்படி, காவல் ஆணையரகம் இல்லாத புதுக்கோட்டை போன்ற மாவட்டத்தில், ஆட்சியர் ஆணையிட்டால் ஒருவரை வழக்கு விசாரணையின்றி 12 மாதம் வரை சிறையில் வைக்கலாம். பதிப்புரிமையை மீறுவோரில் திரைப்படத்தையும் அதன் ஒலித்தடத்தையும் திருடுவோருக்கு மட்டுமே இது பொருந்தும். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அபராதம் விதிக்கவும் வழி செய்தது.

படம் வெளியான முதல் சில நாள் வசூலையே நம்பியிருக்கும் தொழிலுக்கு விரைந்த நடவடிக்கை தேவை என்பது உண்மையே. ஆனால் திருட்டுப் படிகளைப் பிடியாணையின்றிக் கைப்பற்றும் அதிகாரத்தைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு காவல்துறைக்கு முன்னரே அளித்துள்ளது. 63ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விட இயலாதது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. எல்லாப் படைப்புக்கும் உரிய இவ்வழிகள் இருக்க, ஒரு தொழிலுக்காக மட்டும் விசாரணையற்ற சிறையை வைத்திருப்பது நியாயமாகாது.

பதிப்புத் துறையை எடுத்துக்கொண்டால், இம்மாவட்டத்தின் இராயவரத்தில் பிறந்த வை. கோவிந்தன் சக்தி இதழையும் சக்தி காரியாலயத்தையும் நடத்தி, நல்ல நூல்களை எளியோரும் வாங்கும் விலையில் தந்தவர். அவர் வழிவந்த பதிப்பாளருக்குக் கள்ளப் பதிப்பால் வரும் இழப்பு திரைத்துறையின் இழப்பைவிடச் சிறியதாயினும், தாங்கும் வலிமையோ அதனினும் குறைவு.

ஐயனார் கோயில் புரவியெடுப்பு விழாவுக்கு மண்குதிரை செய்யும் வேளார் எனும் குயவர்களின் நிலை இன்னும் கீழானது. தலைமுறைகளாக வந்த வடிவத்துக்குத் தனி ஆசிரியர் இல்லாததால் அதற்குப் பதிப்புரிமை கிடைப்பதில்லை. அவர்களில் ஒருவர் விளக்குக்கோ பூந்தொட்டிக்கோ புது வடிவம் கண்டாலும், வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதியத்தக்க அதனைப் பதியாமல் விட்டுத் தொழில்முறையில் 50 படிகளுக்குமேல் செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிப்புரிமை அற்றுப்போகும். பதிந்தாலும் கிடைக்கும் காப்பு முதலில் 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டு மட்டுமே.