மிகை மெய்ம்மைச் செயலிகளும் சிவகாசி அச்சும்

மிகை மெய்ம்மை என்பது, கேமரா காட்டும் நேரடிக் காட்சியின்மேல் கணினி உருவாக்கிய எழுத்து, படம், ஒலி, முப்பரிமாண உருவம் ஆகியவற்றை இடம் பிசகாமல் பொருத்திக் காட்டும் நுட்பம். மெய்நிகர் காட்சியில் பார்ப்பவருக்குச் சுற்றுப்புறம் மறைந்துவிடும். இதில் சுற்றுப்புறமே மேடை. கைபேசியில் தனிச் செயலியாகவும், இணைய உலாவியில் செயலி ஏதும் நிறுவாமலும் இது இயங்குகிறது. நாட்காட்டி, லேபிள், பாடநூல் என அச்சிட்ட தாளை நம்பி வாழும் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துக்கு இந்நுட்பம் நெருங்கிய உறவு.

தோற்றம்

இதன் முதல் கருவி 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் அமைத்த தலையணித் திரை. 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடெல், விமானத்தின் கம்பிக் கட்டுகளை அமைக்கும் தொழிலாளர்களுக்கு வழிகாட்ட இந்த உத்தியை முன்வைத்தார். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோகசு காட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் என்ற மென்பொருள் நூலகம்தான் உண்மையான திருப்பம். கறுப்புக் கட்டம் அச்சிட்ட ஒரு தாளும் சாதாரணக் கேமராவும் போதும் என்று ஆனது அதனால்தான். 1994இல் டென்சோ வேவ் நிறுவனம் தந்த கியூஆர் குறியீடும் ஜப்பானில் பிறந்ததே. குட்டி ஜப்பான் என்று பெயர் பெற்ற சிவகாசி இன்று அன்றாடம் அச்சிடுவது அந்தக் குறியீட்டைத்தான்.

கைபேசியில் 2008இல் விக்கிடியூட் செயலியும் 2009இல் லேயர் செயலியும் வந்தன. 2016 ஜூலையில் வெளியான போக்கிமான் கோ விளையாட்டு இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜியோவுடன் சேர்ந்து இந்தியாவுக்குள் நுழைந்தது. ஆப்பிளின் ஏஆர்கிட் மென்பொருள் தொகுப்பு 2017இலும், கூகுளின் ஏஆர்கோர் தொகுப்பு 2018இலும் பொதுப் பயனுக்கு வந்தன. 2020 பொதுமுடக்கத்தில் கூகுள் தேடலில் புலியை வரவழைத்துக் கூடத்தில் நிறுத்திப் படம் பிடித்த பிள்ளைகள் பலர்.

வகைகள்

கேமரா எதைப் பற்றிக்கொண்டு உருவத்தை நிறுத்துகிறது என்பதை வைத்து வகைப்படுத்துவதே சரி. முகத்தைப் பற்றுவது ஒரு வகை: மூக்குக்கண்ணாடியை அணிந்து பார்க்க லென்ஸ்கார்ட் தரும் வசதி இதில் அடங்கும். இடத்தைப் பற்றுவது, தரையையும் சுவரையும் அளந்து பற்றுவது ஆகியவை வேறு இரண்டு. நான்காவது, இலக்குப் படம் எனப்படும் அச்சிட்ட படத்தைப் பற்றுவது. கியூஆர் குறியீட்டை வருடுவது மிகை மெய்ம்மை ஆகாது என்பார் உண்டு. தாளில் இல்லாத தகவலைத் தாளின் வழியே கேமரா வரவழைப்பதால், அதை இந்த நான்காம் வகையின் முதற்படியாகவே இங்குக் கொள்கிறோம்.

இலக்குப் படமும் அச்சுத் தொழிலும்

1920களில் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காகக் கல்லச்சு வந்தது, பின்னர் ஆஃப்செட் வந்தது. பட்டாசும் நாட்காட்டியும் அந்த வரிசையில் வளர்ந்தவை. ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு அடுத்த ஆண்டின் நாட்காட்டி ஆல்பங்களை வெளியிடுவது இவ்வூர் வழக்கம்.

இப்படி அச்சாகும் படத்தை இலக்காக வைத்தால், கேமரா அதை மனிதர் போல் அடையாளம் காண்பதில்லை. வெளிச்சமும் இருளும் கூர்மையாகச் சந்திக்கும் புள்ளிகளைப் பொறுக்கி, அவற்றின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலான நிரல்கள் வண்ணத்தை விட்டுவிட்டுச் சாம்பல் நிறமாக்கியே பார்க்கின்றன. ஆகவே பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தாலும், இரண்டின் வெளிச்ச அளவும் ஒன்றாக இருந்தால் கேமராவுக்கு அது வெறும் தாள். ஒரே பூவேலை திரும்பத் திரும்ப வரும் ஓரக்கட்டு குழப்பும். தங்க ஃபாயிலும் பளபளப்பு லேமினேஷனும் விளக்கொளியைத் திருப்பி அடித்துப் புள்ளிகளை அழித்துவிடும். நாட்காட்டி அட்டைக்கு அழகு சேர்க்கும் வேலைப்பாடே இங்கு எதிரி.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டைய ராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் நாடெங்கும் பரவின. மணி மணியான நகை, அடுக்கு மாலை, புடவை மடிப்பு எனப் பரப்பெல்லாம் நுணுக்கம் நிறைந்த அவ்வகைப் படங்களைவிடப் பொருத்தமான இலக்கு கிடைப்பது அரிது. சரவெடிப் பெட்டியின் நெருக்கமான லேபிளும் அப்படியே. இந்த வளம் இங்குக் கிடக்க, வெளியூர் வடிவமைப்பாளர்கள் வெற்று நிறத்தில் அட்டை போட்டு அனுப்புவது வருந்தத்தக்கது.

பட்டாசும் பாடநூலும்

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் மாசு குறைந்த பட்டாசுகளுக்கு மட்டும் இடம் தந்து தீர்ப்பளித்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் 2019 அக்டோபரில் அறிமுகமானபோது, பெட்டியில் கியூஆர் குறியீடும் சேர்ந்தது. போலியைக் கண்டறிவதே அதன் நோக்கம். 2018இல் தமிழக அரசின் 1, 6, 9, 11ஆம் வகுப்புப் புதிய பாடநூல்கள் குறியீட்டுடன் வந்தன. தீக்‌ஷா செயலியில் வருடினால் பாடத்துக்குரிய காணொளி திறந்தது.

தொழிலாளர் பாதுகாப்புப் பயிற்சியே இந்நுட்பத்தால் இவ்வட்டாரம் அடையக்கூடிய பெரும்பயன். பட்டாசு ஆலையின் மருந்து கலக்கும் அறையில் உராய்வு எங்கே பொறியாகும் என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது. ஆனால் உற்பத்திப் பகுதிக்குள் கைபேசிக்குத் தடை. அது சரியான தடை. பயிற்சி வாயிலுக்கு வெளியேதான் நடக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஏஆர்.ஜேஎஸ் (2017) போன்ற இலவச நிரல்களால் உலாவியிலேயே இலக்குப் படத்தைப் பற்ற முடிகிறது. ஆண்ட்ராய்டு குரோம் 2020 முதல் வெப்எக்ஸ்ஆர் முறையில் தரையையும் பற்றுகிறது. ஐபோனில் ஆப்பிளின் குவிக் லுக் வழி உண்டு. அச்சுப் பணிக்குச் செயலியைவிட இணையமே ஏற்றது.

காரணம், சேவைகளின் ஆயுள். 2014இல் பிளிப்பார் என்ற மிகை மெய்ம்மைச் செயலியோடு வெளிவந்த இந்தியப் படக்கதை நூல் பிரியாஸ் சக்தி. அந்தப் பிளிப்பார் 2018 டிசம்பரில் திவாலானது. மெட்டாவின் மிகை மெய்ம்மைத் தளமான ஸ்பார்க் 2025 ஜனவரி 14இல் மூடப்பட்டது. அச்சிட்ட நாட்காட்டி ஓராண்டு சுவரில் இருக்கும், பாடநூல் அதைவிடக் கூடுதலாகக் கையில் இருக்கும். பிளேட் போட்டு ஓட்டிய குறியீட்டை அதன் பிறகு திருத்த வழியில்லை. எனவே குறியீட்டை வேறு நிறுவனத்தின் தளத்துக்கு இட்டுச்செல்லாமல், தம் சொந்த இணைய முகவரிக்கு இட்டுச்செல்லுமாறு அச்சகத்தாரும் பதிப்பாளரும் அமைத்துக்கொள்ள வேண்டும்.