சங்ககால மனைகளிற் கோழி

பண்டைத் தமிழர் வாழ்வை ஆராய்வார் பெரும்பாலும் வேந்தர், போர், வாணிகம் என்னும் இவற்றையே நோக்குவர். முன்றிலில் மேய்ந்த கோழியை நோக்குவார் அரியர். உவமையாக வருவது வரலாற்றுச் சான்றாகாது என்பது அவர் கருத்துப் போலும். நாம் அவ்வாறு கருதவில்லை. உவமிக்கப்படும் பொருள் புலவர் புனைவேயாயினும், உவமை கேட்போர் நன்கறிந்ததாதல் வேண்டும். அறியாததைக் காட்டி அறியாததை விளக்குதல் இயலாதன்றோ?

முதற்கண் பெயரை நோக்குவாம். தொல்காப்பிய மரபியல் அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரித்தாக்கி, பின்னர் மயிலுக்கும் உடன்படுகின்றது. இஃது இலக்கணத்தளவில் நின்றொழிந்த சொல்லன்று. பெரும்பாணாற்றுப்படையுள் மருதநிலத்தார் மனையில் பாணர் பெறும் உணவு, வெண்ணெற் சோறும் மனையில் வாழ்ந்த அளகின் வாட்டுமாகும். அந்நூலே அந்தணர் உறைவிடத்தைக் கூறுமிடத்துக் கோழியும் நாயும் அதனை அணுகா என்கின்றது. ஒரு பாட்டினுள்ளேயே கோழியின் இருப்பும் இன்மையும் மனைக்கு மனை வேறுபாடு காட்டும் குறிகளாயின.

பட்டினப்பாலையில் உலர்நெல்லைக் கவர வரும் கோழியை மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்து ஓட்டுவர். அவ்வணி சிறுவர் உருட்டும் மூன்றுருளைச் சிறுதேரைத் தடுக்கும். காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வத்துக்கு இதனைச் சான்றாகக் காட்டாதார் இலர். பொன்னை வியந்தோர் கோழியை மறந்தனர். நெல்லை உணக்குதலும் காத்தலும் மகளிர் தொழில் என்பதும், கோழி அடைபடாது திரிந்தது என்பதும் இக்காட்சியினின்றே பெறப்படும்.

இவை யாவற்றினும் நுண்ணியது ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகைப் பாடல் (139). மாலைப் பொழுதில் வேலியருகே காட்டுப்பூனைகள் வர, குறுகிய காலையுடைய பேடை அஞ்சித் தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது. குஞ்சுகளோ புகுதற்குரிய இடம் அறியாமல் ஒருங்கு குழுமித் துன்புறுகின்றன. அக்கூவல் போன்று ஊரார் அலர் எழுகின்றது; ஆதலின் எம் தெருவிற்கு வாரற்க எனத் தோழி தலைவனை மறுக்கின்றாள். குஞ்சுகள் புகுமிடம் அறியாமை அச்சத்தின் மிகுதியால் எனக் கொள்வாரும் உளராகலாம். இக்காலத்துச் சிற்றூர்களில் மாலையானதும் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்திட்டு மூடுவர். அத்தகைய காப்பு இப்பாட்டில் யாண்டும் குறிக்கப்படவில்லை. வேலியே காப்பு, வேலி தவறின் பேடையின் குரலே காப்பு என்பது நம் துணிபு. மதுரைக் கண்ணனாரின் தலைவியும் (குறுந். 107) தன் துயில் கலைத்த சேவலை, இல்லெலி தேடி நள்ளிரவில் வரும் பூனைக்குட்டிக்கு இரையாகுக என்றே வைகின்றாள். வசைமொழி அன்றாட அச்சத்தினின்று பிறப்பதன்றோ?

வாத்தின் நிலை வேறு. நெல் அறுத்த வயல்களில் வாத்துக் கூட்டங்களை ஊர்தோறும் ஓட்டி மேய்ப்பாரை இன்று காண்கிறோம். சங்கப் பாடல்களில் நீர்ப்பறவைகள் பலவாயினும், முன்றிலிற் கோழிக்குரிய இடம் அவற்றுக்கு இல்லை.

சேவற்போரிலும் இருவகை உண்டு. குப்பைக்கோழியார் எனப் பெயர்பெற்ற புலவர் (குறுந். 305) காட்டுவது, ஏவுவாரும் விலக்குவாரும் இன்றிக் குப்பைமேட்டில் தாமே பொருது ஓயும் கோழிகளை. ஊரார் விரும்பி நிகழ்த்திய போர் பிறிதொன்று. அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் கிடைத்த நடுகற்கள், சேரியின் பொருட்டுப் பொருது மாய்ந்த சேவல்களுக்கு எடுக்கப்பட்டவை. எருதுக்கும் நாய்க்கும் கல் நாட்டிய செய்தி பிற நாடுகளிலும் உண்டாகலாம். கோழிக்கு வட்டெழுத்தில் கல் பொறித்தமை நம் நாட்டுச் செய்தி. அரசலாபுரத்துக் கல்லில் எழுத்தோடு சேவலின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது.